எட்டுக்கு எட்டு கட்டத்தில் தமிழ்

என் மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் இந்தப் பதிவு. நம் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருடம் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னேன். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களின் தொடக்கம். பச்சை எழுத்து மானிட்டரில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்க்க வரிசையில் நின்றீர்கள். ஒரு பெண் மட்டும், "ஏனுங்க சார், தமிழ்ல வராதுங்களா?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது கண்ணு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கம்ப்யூட்டருக்கு ஆங்கிலமும் தெரியாது என்பதுதான் சரியான பதில்.

அன்று நீங்கள் பார்த்தது டெக்ஸ்ட் மோடு. திரையை 80 பத்தி, 25 வரி என்று 2,000 கட்டமாகப் பிரித்துவிடும். ஒரு கட்டத்துக்கு நினைவகத்தில் இரண்டு பைட். ஒன்று எழுத்தின் எண், இன்னொன்று அதன் நிறம். மொத்தம் 4,000 பைட்டில் திரை முடிந்தது. ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65 என்ற எண் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். 65க்கு என்ன வடிவம் என்பது டிஸ்ப்ளே கார்டில் ஒரு சிப்பில் பதிந்திருக்கும். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அந்த சிப்பில் 256 வடிவங்கள். ஆங்கிலம் போக மீதியில் ஐரோப்பிய எழுத்துகள், கணிதக் குறிகள், பெட்டி போடும் கோடுகள். தமிழுக்கு இடமில்லை, நாம் மாற்றவும் வழியில்லை.

அதே பிசியில் சிஜிஏ என்ற கலர் கார்டு இருந்தால் கிராஃபிக்ஸ் மோடும் உண்டு. பேசிக்கில் 'ஸ்கிரீன் 2' என்று ஒரு வரி அடித்தால் போதும், கட்டங்கள் போய் 640க்கு 200 என்று வெறும் புள்ளிகளாகத் திரை மாறிவிடும். 1,28,000 புள்ளிகள், 16,000 பைட். டெக்ஸ்ட் மோடைப் போல நான்கு மடங்கு நினைவகம். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய அந்த இயந்திரத்தில் திரை மேலே நகர்வதே மெதுவாக இருக்கும். ஆனால் இந்த மோடில் 128 முதல் 255 வரையான எழுத்துகளின் வடிவத்தைச் சிப்பிலிருந்து எடுக்காமல், நினைவகத்தில் உள்ள ஒரு பட்டியலிலிருந்து எடுக்கும். அந்தப் பட்டியலை நாமே எழுதி வைக்கலாம்.

தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜக்கார்டில் கரை போட முதலில் கட்டத் தாளில் டிசைன் வரைகிறோமே, அதே வேலைதான். எட்டுக்கு எட்டு கட்டம். எந்தப் புள்ளி எரிய வேண்டுமோ அதை நிரப்பு. ஒரு வரியின் எட்டுப் புள்ளிக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. நிரப்பியவற்றைக் கூட்டினால் அந்த வரிக்கான எண். பள்ளிபாளையத்தின் 'ப'வுக்கு: 0, 130, 130, 130, 130, 130, 254, 0. பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே 'ப' நிற்கும்.

இனி எழுத்துக் கணக்கு. 247 எழுத்துக்கும் தனி வடிவம் தேவையில்லை. உயிரில் 'ஔ'வை ஒ, ள சேர்த்துப் போட்டுக்கொண்டால் 11. ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, 'ஐ'காரக் கொம்பு 4. கூட்டினால் 124. இருப்பது 128 இடம். கிரந்த எழுத்துகள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதில் ஆற்றுக்கு அக்கரைக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. ஈரோட்டுப் பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று 13 எழுத்துகள் மாறின. பழைய முறையே இருந்திருந்தால் ணா, றா, னா மூன்றுக்கும், யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த நான்கு 'ஐ'காரங்களுக்கும் தனித்தனி வடிவம் வேண்டும். 124உம் 7உம் 131. இடம் போதாது. அவர் கணக்குப் போட்டது அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்துக்கு. நாற்பது, ஐம்பது வருடம் கழித்து அது கம்ப்யூட்டர் திரைக்கும் உதவியது.

சந்தோஷப்பட்டு கட்டத் தாளில் உட்கார்ந்தேன். ட, ப, ம எல்லாம் அழகாக வந்தன. 'ண' வரவில்லை. எட்டுப் புள்ளி அகலத்தில் அத்தனை வளைவுகளும் நடுவில் இடைவெளியும் எப்படி அடங்கும்? இரண்டு கட்டம் கொடுத்தால்தான் படிக்க முடிகிறது. அப்படியானால் ண, ண், ணி, ணீ, ணு, ணூ என்று அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஆறு இடம் கூடுதல், மொத்தம் 130. ஞ, ஊ இன்னும் சேரவில்லை. 128க்குள் அடக்கும் கணக்கு அங்கே உடைந்தது. ஒரே வழி, கட்டக் கணக்கையே விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் மோடில் ஒவ்வொரு எழுத்தையும் அதற்குத் தேவையான அகலத்தில் படமாக வரைவது.

இந்தச் சிக்கல் ஐபிஎம் பிசிக்கு மட்டும் உரியதல்ல. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அதற்கு 'மோடு 0' முதல் 'மோடு 7' வரை எட்டு மோடுகள். இருந்ததே 32 கிலோபைட் நினைவகம். மோடு 7க்கு 1 கிலோபைட் போதும், நிறமும் உண்டு, ஆனால் எழுத்து வடிவம் சிப்பில் பூட்டியிருக்கும். மற்ற மோடுகளில் 'விடியூ 23' என்று போட்டு, எழுத்தின் எண்ணையும் எட்டு வரி எண்களையும் கொடுத்தால் உங்கள் எழுத்து தயார். ஆனால் மோடு 0 திரைக்கே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். மீதி 12இல் ப்ரோக்ராம், கணக்கு எல்லாம்! தமிழ் வேண்டுமானால் நினைவகத்தில் வாடகை கொடு என்கிற மாதிரி.

பிசியில் 1984இல் இஜிஏ, 1987இல் விஜிஏ கார்டுகள் வந்தபின் டெக்ஸ்ட் மோடிலேயே எழுத்து வடிவத்தை மாற்ற முடிந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கி புனே சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் கார்டைச் செருகினால் டாஸ் ப்ரோக்ராம்களில் இந்திய எழுத்துகள் தெரிந்தன. பிறகு விண்டோஸ் வந்தது, திரை முழுக்க எப்போதும் புள்ளிதான். வடிவச் சண்டை ஓய்ந்து எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற சண்டை தொடங்கியது. அது 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும் வரை ஓடியது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

நம் பள்ளிக் கதைக்கு வருகிறேன். புத்தகத்தைப் பார்த்து 'ஸ்கிரீன் 2' அடித்தேன். 'இல்லீகல் ஃபங்ஷன் கால்' என்று முகத்தில் அடித்தது. இயந்திரம் பழுது என்றே நினைத்தேன். நம்முடையது ஹெர்குலிஸ் கார்டு என்று பின்னால்தான் தெரிந்தது. எழுத்து கூர்மையாக இருக்கும், 720க்கு 348 புள்ளி கிராஃபிக்ஸும் உண்டு. ஆனால் அது சிஜிஏ மோடு அல்ல, நம் பேசிக்குக்கு அந்த மோடைத் திறக்கத் தெரியாது. அதற்கென்று தனி ப்ரோக்ராம் போட்டிருந்தால் அன்றே தமிழ் வரைந்திருக்கலாம். யாரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரில் இரண்டு 'ண' உண்டு. கட்டத் தாளில் இரண்டு கட்டம் சேர்த்து நான் வரைந்த 'ண'வைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். அம்மா, நீ இதைப் படித்தால் கமெண்ட்டில் உன் பெயரைத் தமிழிலேயே எழுது.