மல்டிபிள் மைலோமா: எலும்புச் சிதைவைக் காட்டும் படமுறைகள்

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் பிளாஸ்மா அணுக்கள் பெருகி எலும்பை அரிக்கும் இடங்களைக் கண்டறியும் கதிரியல் சோதனைகள் இவை. நோயை உறுதிசெய்யவும் சிகிச்சையைத் தொடங்கவும் இவற்றின் முடிவு தேவை.

எக்ஸ்ரே: உடல் முழுவதும் எடுக்கப்படும் பழைய முறை. 1975இல் வெளியான டியூரி–சால்மன் நோய்நிலைப் பகுப்பு எலும்புச் சிதைவை அறிய இதையே சார்ந்தது. மண்டையோட்டுப் படத்தில், துளைக்கருவியால் குத்தியதுபோல் விளிம்பில் வெள்ளை வளையமற்ற வட்ட ஓட்டைகள் தெரியும். ஆனால் எலும்பின் தாது 30 முதல் 50 விழுக்காடுவரை குறைந்த பின்னரே சிதைவு புலப்படும். நோயாளிக்கு இது மிகத் தாமதம்.

சி.டி. ஸ்கேன்: குறைந்த கதிர்வீச்சில் உடல் முழுவதையும் எடுக்கும் முறையே இன்று முதல் சோதனையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிரையில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு இது பெரிய நன்மை. பன்னாட்டு மைலோமா செயற்குழுவின் 2014 வரையறைப்படி 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு சிதைவே எலும்புப் பாதிப்புக்குச் சான்று.

எம்.ஆர்.ஐ.: எலும்பு அரிபடுமுன்பே மஜ்ஜையில் படரும் நோயைக் காட்டும். தண்டுவட அழுத்தம் ஐயப்பட்டால் உடனடியாகச் செய்ய வேண்டியது இதுவே.

பெட்–சி.டி.: கதிரியக்கக் குளுக்கோஸை உறிஞ்சும் உயிர்ப்புள்ள நோயிடங்களைக் காட்டும். சிகிச்சைக்குப் பின்னும் சி.டி.யில் ஓட்டை மாறாமல் நிற்கக்கூடும். அங்குள்ள நோய் அடங்கிவிட்டதா என்பதை இம்முறை தெரிவிக்கும்.

டெக்னீசியம் எலும்பு ஸ்கேன்: புது எலும்பு உருவாகும் இடத்தையே காட்டுவதாலும், மைலோமாவில் அவ்வாக்கம் ஒடுங்கிவிடுவதாலும் இந்நோய்க்கு ஏற்றதன்று.