பனிக்காலத்துப் புத்தகங்கள்: மேலவாசல் முதல் ஜூஜுவாடி வரை

தமிழ் அச்சுப் பண்பாட்டின் வரலாறு பெரும்பாலும் சென்னையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பதிப்பாளர், அச்சகம், புரவலர், பல்கலைக்கழகம் என்று அது நகரத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. அச்சான நூல் கிராமத்துக்கு எவ்வழியே போய்ச் சேர்ந்தது, எந்த மாதத்தில் போயிற்று, யார் கையில் கொடுத்தார்கள் என்பவை அதில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. ஐப்பசி அடைமழையில் தொடங்கித் தை அறுவடையில் முடியும் குளிர்காலத்தை முன்வைத்து அந்த வழியைத் தேடிப் பார்க்க முனைகிறது இக்கட்டுரை.

கிராமத்தில் புத்தகக் கடை என்று ஒன்று தனியாக இருந்ததில்லை. சந்தையில் சாக்கு விரித்துப் பரப்பியதே கடை. திருவிழாக் கூட்டத்தில் வளையல் வியாபாரிக்குப் பக்கத்தில் அமர்ந்தவரே புத்தக வியாபாரி. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலிய ‘பெரிய எழுத்து’ நூல்கள் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்களிலிருந்து இவ்வாறே ஊர் ஊராகப் பரவின. எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பதற்கு அதுவே உகந்தது. இந்தக் கூட்டு வாசிப்பு மெல்ல மௌன வாசிப்பாக மாறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ (2002) என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இக்கூட்டு வாசிப்புக்கு மார்கழி இயல்பாகவே பொருந்திய மாதம். இரவு நீண்டது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க வேண்டும். விடியலில் பஜனைக் கோஷ்டி புறப்படும். திருப்பாவைப் பாடல்கள் 30. திருவெம்பாவையின் 20 பாடல்களோடு திருப்பள்ளியெழுச்சியின் 10 பாடல்களைச் சேர்த்தால் அதுவும் 30. நாளுக்கு ஒரு பாடலாக ஒரு சிறு நூலை ஒரு மாதத்தில் முடிக்கும் வாசிப்பு அட்டவணை நம் மரபில் முன்பே இருந்திருக்கிறது. ‘பாடத்திட்டம்’ என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்னரே ஊரார் அதைக் கடைப்பிடித்தனர்.

நவீன நூலக இயக்கத்தின் தொடக்கங்களும் இப்பருவத்தையே ஒட்டி அமைந்தன என்பது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் சுவையானது. சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது 1928 ஜனவரியில். அதன் உயிர்நாடியாக விளங்கிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலக இயலின் ஐந்து விதிகளை முதன்முதலாகப் பொது மேடையில் விளக்கியது அதே ஆண்டு டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில். அவ்விதிகள் 1931இல் நூலாயின. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். முதற்பகுதியை எல்லோரும் ஏற்பர். வாசகர் வரட்டும் என்று நூல் காத்திருக்கலாகாது; அவரைத் தேடிப் போகவும் வேண்டும் என்று கேட்பது இரண்டாம் பகுதியே.

அதற்குச் சக்கரம் பூட்டியவர் எஸ். வி. கனகசபை பிள்ளை என்னும் பொறியாளர். 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. தொடங்கி வைத்தவர் ரங்கநாதனே. நாள் கணக்குப் பார்த்தால் அது ஐப்பசி பிறந்த வேளை. அவ்வண்டியின் முதல் மாதங்கள் காவிரிப் படுகையின் மழைக்கும் பனிக்கும் உரியவை. சம்பா பயிர் வயலில் நின்றது. அறுவடைக்குத் தை வரவேண்டும். உழவர்க்குச் சற்றே ஓய்வு வாய்க்கும் பருவம் அது. ஊருக்கு ஊர் கட்டடம் எழுப்பப் பணம் இல்லாத காலத்தில், மாடும் வண்டியும் எல்லா ஊரிலும் இருந்தன. இருப்பதைக் கொண்டு இயன்றதைச் செய்வது என்னும் எளிய அறிவு அதற்குப் பின்னே இருந்தது.

பின்னர்ச் சட்டம் வந்தது. தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்து வசூலித்து, நூலகத்தைப் புரவலரின் கருணையிலிருந்து விடுவித்து மக்களின் உரிமையாக்கியது அது. இன்று தமிழ்நாட்டில் அவ்வரி சொத்து வரியில் 10 சதவீதம். இந்த ஆதாயம் பெரிது. ஆனால் உடன் ஒன்றை இழந்தோம். வண்டி வாசகரை நோக்கிப் போயிற்று. கட்டடம் வாசகர் வரவேண்டும் என்று காத்திருந்தது.

கடைகளும் இதற்கிடையில் ஊன்றின. சிற்றூர்களில் நோட்டுப் புத்தகக் கடையே புத்தகக் கடை. அதன் ஆண்டுக் கணக்கு ஜூனுக்கு அடுத்தபடியாக டிசம்பரில்தான் நிமிரும். தீபாவளி மலர்களில் மீந்தவை, சிவகாசி நாட்காட்டிகள், நாட்குறிப்புகள், அரையாண்டுத் தேர்வுக்கான வினா விடைகள், கயிற்றில் தொங்கும் பொங்கல் வாழ்த்து அட்டைகள் என்று கடை நிறைந்திருக்கும். வாழ்த்து அட்டை வாங்க வந்த சிறுவன் கதைப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பான். 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வேன்கள் சோவியத் நாட்டின் மலிவு விலை நூல்களைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றன. கெட்டி அட்டையும் வண்ணப் படங்களும் கொண்ட அந்நூல்களின் வரத்து 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு நின்றது. செல்பேசி வந்தபின் வாழ்த்து அட்டையும் மறைந்தது. குளிர்காலக் கடையின் இரு தூண்கள் இவ்வாறு சாய்ந்தன.

இனி ஜூஜுவாடிக்கு வருவோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளிக்கு முன் தமிழ்நாடு முடியும் இடம் அது. பலருக்கு அது ஒரு சோதனைச் சாவடியின் பெயர் மட்டுமே. ஆனால் இந்த எல்லைப் பகுதிக்கு எழுத்தின் வரலாறு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. அவர் மறைந்தது ஒரு மார்கழியில், 1972 டிசம்பர் 25. ஊர் கூடிக் கேட்டு வந்த பாரதத்தையும் இராமாயணத்தையும் வியாசர் விருந்தாகவும் சக்கரவர்த்தித் திருமகனாகவும் கல்கி இதழ் வழியே தனி வாசகரின் கைக்குக் கொண்டு சேர்த்தவர் அவர். பின்னதற்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எல்லைக்கு அப்பால் மாலூர் வட்டத்தில் 1891இல் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். அவர் கன்னடச் சிறுகதையின் முன்னோடியாகி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் மண் இது. இங்கே ‘வாசகருக்குரிய நூல்’ என்றால் அது எம்மொழி நூல் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. ராகி விளைந்த நிலம் ஆலையாயிற்று. அறுவடைக்குப் பின்வரும் ஓய்வு என்ற ஒன்று இல்லாமற் போய், முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்பதே காலக் கணக்காயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஜூஜுவாடியும் அதற்குள் அடக்கம். இங்கே வீடு வைத்திருப்பவர் நூலக வரி செலுத்துகிறார். வாடகைக்கு இருக்கும் தொழிலாளியும் அதை வாடகையின் வழியே செலுத்துகிறார் என்றே சொல்ல வேண்டும். அவரது ஷிப்ட் முடியும் நேரத்தில் அவருக்காகத் திறந்திருக்கும் நூலகம் எது?

ஆண்டுதோறும் ஜனவரியில், 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் 1931இல் ஒரு பொறியாளர், மனிதர்க்கு எப்போது நேரம் கிடைக்கும், எங்கே கிடைப்பார்கள் என்று பார்த்து அங்கே வண்டியை ஓட்டினார். அன்று உழவரின் பருவம் தெரிந்தால் போதும். இன்று ஆலையின் சங்கு ஒலிக்கும் நேரம் தெரிய வேண்டும். ஆலை வாயிலில், மூன்று மொழி நூல்களோடு, ஷிப்ட் மாறும் வேளையில் ஒரு வண்டி வந்து நிற்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வரி ஏற்கெனவே வசூலாகிறது. மேலவாசலில் மாட்டைப் பூட்டிய அந்த மனம்தான் தேவை.