கைத்தொடு சோதனையின் இருபதாண்டுகள்

ஹெப்பகோடியில் ஆலைவேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்களிடம் மார்பகப் பரிசோதனை பற்றிப் பேசினால், 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்பார்கள். அறிகுறி இல்லாதவரைச் சோதிப்பதையும் நோயை உறுதிசெய்வதையும் 'பரிசோதனை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு.

மாமோகிராம் எட்டாத பெண்களுக்கு மாற்று உண்டா என்று 1998இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆராயத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கையால் தொட்டுச் சோதித்தனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் அப்பயன் தென்படவில்லை. ஒட்டுமொத்தக் குறைவான 15 விழுக்காடும் புள்ளியியல் உறுதி பெறவில்லை. மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியை விட்டுவிடுகின்றனர்.

நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுநெறியோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனையை 30 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது.