விளையாட்டாய்க் கொடுத்த இசைத்தட்டு

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் சாமிகளுக்கு முன்னே நாகசுரம் ஒலிக்கும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் அயல்நாட்டு வாத்தியமாகவே தோன்றாது. அவர் அப்பா தனியப்பா நாகசுர வித்வான். மகனோ மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் மோகம் கொண்டார். ஆனால் அந்தக் கருவி முழுதாகக் கைவசப்படுவதற்குள் ஏறக்குறைய இருபது வருடம் ஓடிவிட்டது.

ஏன் அத்தனை காலம்? நாகசுரத்தில் துளையை விரலால் அரைகுறையாக மூடித் திறக்கலாம், சீவாளியை உதட்டால் அழுத்தலாம். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகம் அப்படித்தான் பிறக்கிறது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் மூடி விழும், விட்டால் எழும், நடுவில் ஒன்றுமில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக உதட்டையும் மூச்சையும்தான் நம்ப வேண்டும். அந்தக் கருவியில் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைப்பது எவ்வளவு பெரிய காரியம்! 

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டி, கத்ரியைக் கேட்டுவிட்டு அவரோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி விழாவில் கத்ரியின் கச்சேரி. அதே வருடம் ‘டூயட்’ படம் வழியாக அந்த ஒலி தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட, ஒரு இசைத்தட்டின் பயணத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா, பாஸ்டன் பெர்க்லி இசைக்கல்லூரியில் ஜாஸ் படித்துக்கொண்டிருந்தார். வாசித்தது அதே ஆல்டோ சாக்ஸபோன். அவருடைய அண்ணன் விளையாட்டாக ஒரு இசைத்தட்டைப் பரிசளித்தார். கத்ரியின் ‘சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்’ அது. கேட்டவர் அசந்துபோனார். தன் கையிலிருக்கும் கருவிக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. பல வருடம் கழித்து இந்தியா வந்து கத்ரியிடமே அமர்ந்து கற்றார்.

2008இல் இருவரும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. ஏ. கன்யாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், ரெஸ் அப்பாசியின் கிட்டார் எல்லாம் அதில் உண்டு. இரண்டு ஆல்டோக்கள் மாறி மாறிப் பேசும்போது யார் யார் என்று முதலில் பிடிபடாது. போகப்போக, சுரத்தை இழைத்து இழைத்துப் போகிறவர் கத்ரி, வெட்டி வெட்டிப் பாய்கிறவர் ருத்ரேஷ் என்று காது பிரித்துக்கொள்ளும். அந்த இசைத்தொகுப்பில் ராகத்தின் பெயராலேயே ‘கல்யாணி’ என்று பெயரிட்ட ஒரு உருப்படி இருக்கிறது.

கத்ரி 2019 அக்டோபரில் காலமானார். சிதம்பரத்தில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ‘கல்யாணி’யை யாராவது போட்டுக் காட்ட வேண்டும், கூடவே நாகசுரக் கல்யாணி ஒன்றையும்.