நொய்யல் கரையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி!

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு லீவு நாளில் போவதற்கு இடமா இல்லை? மேற்கே கோவைக் குற்றாலம். வடக்கே ஊட்டி. தெற்கே ஆழியாறு, டாப்ஸ்லிப். கிழக்கே? 'அங்கே என்னங்க இருக்குது... மில்லும் லாரியும்தானுங்க!' என்று சிரிப்பார்கள்.

இந்த வாரம் நாம் போகப்போவது அந்தக் கிழக்குப் பக்கம்தான். அருவி கிடையாது, பனி கிடையாது. ஆனால், இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் மனிதர்கள் நடந்து நடந்து தேய்த்த ஒரு பாதை உண்டு. மார்கழி, தை மாதங்களில் சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் ஒதுக்கினால், நிதானமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

முதலில் பூகோளம் கொஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளத்துக்கும் நமக்கும் நடுவே பெரிய மதில் மாதிரி நிற்கிறது. அந்த மதிலில் ஒரே ஒரு பெரிய வாசல் - பாலக்காட்டுக் கணவாய். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம். நமக்கு ஜிலுஜிலு காற்றை அனுப்புகிற அதே வாசல்தான்! சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் ரோமானியரின் சரக்குக் கப்பல்கள் வந்து நின்ற காலத்தில், மேற்குக் கடற்கரையிலிருந்து காவிரிக் கரைக்கு வியாபாரிகள் வந்துபோக இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அந்த வழியின் அடையாளம் ஒன்று கோவை நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுண்டக்காமுத்தூர் அருகே மலைப்பாறையில் ஒரு கல்வெட்டு. சோழர் காலத்தது. பாதையின் பெயரையே பொறித்து வைத்திருக்கிறார்கள்: 'ராஜகேசரிப் பெருவழி'. அதுவும் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும், இரண்டு விதமாக! கிழக்கிலிருந்து வருகிறவனும் படிக்க வேண்டும், மேற்கிலிருந்து வருகிறவனும் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு போலிருக்கிறது. இன்றைய ஹைவே போர்டுக்கு மூத்த அண்ணன்!

ரோமானிய வியாபாரம் ஓய்ந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வெட்டியது இது. ராஜாக்கள் மாறினார்கள், சரக்கு மாறியது. பாதை மட்டும் மாறவில்லை.

அங்கிருந்து நொய்யலைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தால், வெள்ளலூர். இன்றைக்குக் கோவை மாநகரத்தின் ஒரு மூலை. இங்கே 1842-லும் 1891-லும் மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தலை பொறித்தவை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி நொய்யல் கரையில் புதைந்து கிடந்தார்!

இவ்வளவு காசு இங்கே வருவானேன்? 'இந்தியாவுக்கு மட்டும் வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதே' என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெயர் பிளினி. செஸ்டர்ஸ் என்பது அந்த ஊர் நாணயம். மிளகுக்குப் போன பணம், துணிக்குப் போன பணம் எல்லாம் அதில் சேர்த்திதான். அதோடு, ரோமானியச் சீமாட்டிகளுக்கு ஒரு கல்லின் மேல் கண் இருந்தது. கடல் தண்ணீரை உறைய வைத்த மாதிரி நீலமும் பச்சையும் கலந்த 'பெரில்' என்ற ரத்தினக் கல். 'இந்தியாவைத் தவிர வேறெங்கும் அபூர்வம்' என்று அதைப் பற்றி எழுதியவரும் இதே பிளினிதான்.

அந்தக் கல் கிடைத்த ஊர்களில் ஒன்று, திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியில் இருக்கும் படியூர். 1819-20 வாக்கில்கூட ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி, இரண்டாயிரத்துக்கும் மேல் கற்கள் எடுத்திருக்கிறார். பக்கத்துச் சிவன்மலைப் பகுதியில் நீலக்கல். வெங்கமேடு பக்கம் பளிங்குக் கல். சரி, கல் இங்கே கிடைத்தது. பட்டை தீட்டியது எங்கே?

அதற்குத்தான் கொடுமணல் போக வேண்டும்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் சின்ன ஊர். பதிற்றுப்பத்துப் பாடல்களில் 'கொடுமணம்' என்று வருகிறது, அழகிய அணிகலன்களுக்குப் பேர்போன ஊராக. கபிலரும் அரிசில்கிழாரும் பாடியது புலவர்களின் மிகையா, நிஜமா? 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012-13-ல் புதுவைப் பல்கலைக்கழகமும் அங்கே தோண்டிப் பார்த்தன. நிஜம்தான்!

தோண்டத் தோண்ட மணிகள். முழுதாக முடிந்தவை, பாதி முடிந்தவை, துளை போடும்போது உடைந்தவை, செதுக்கிப் போட்ட சில்லுகள். அதாவது நகைக் கடை இல்லை, பட்டறை! இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. ஒரே ஓர் ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்னீலியன் மணிகள். சிவப்பான அந்தக் கல்லுக்குக் குஜராத் பக்கம் பிரசித்தம். கூடவே கிடைத்த லேபிஸ் லசூலி என்ற கருநீலக் கல்லுக்கு ஆப்கானிஸ்தான். கச்சாப் பொருளை வெளியிலிருந்து வரவழைத்து, வேலைப்பாடு செய்து அனுப்புவது... திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

இன்னொரு விஷயம். இந்தத் தொழில் ரோமானியர் ஆர்டர் கொடுத்துத் தொடங்கியதில்லை. காலக்கணிப்பு கி.மு. 5, 4-ம் நூற்றாண்டுகள் வரை பின்னால் போகிறது. அகஸ்டஸின் முப்பாட்டன் பிறப்பதற்கு முன்பே இங்கே உலை எரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மணிகள் இல்லை, பானை ஓடுகள். தமிழி எழுத்தில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான ஓடுகள். எவர்சில்வர் பாத்திரத்தில் வீட்டுக்காரர் பேரை வெட்டி வைப்போமே, அதே புத்திதான். 'சம்பன் சுமணன்' போன்ற வடக்கத்திப் பெயர்களும் உண்டு. வெளியூர் வியாபாரிகளும் வந்து தங்கியிருக்கிறார்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள். அரண்மனையில் எழுதினால் ஆச்சரியமில்லை. பட்டறை ஊரில் சோற்றுப் பானையில் எழுதியிருக்கிறார்கள்!

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். அதனால் காடு, மேடு, ஈமச் சின்னங்களின் கல்வட்டங்கள், நெட்டுக்குத்தாக ஒரு கல் - இவ்வளவுதான். இந்தக் கதை தெரியாமல் போனால் வெறும் பொட்டல்.

மாலையில் அரச்சலூர் நாகமலை. அங்கே ஒரு பாறையில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை எழுத்துக்கள். தாளச் சொற்கட்டு. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழே படித்தாலும் ஒன்றே வரும். அமைத்தவர் பெயர் தேவன் சாத்தன். அவர் தொழில்? 'மணிய வண்ணக்கன்' என்கிறது கல்வெட்டு. ரத்தினக் கல்லின் தரம் பார்த்துச் சொல்கிறவர்! பகலில் கல்லை உரசிப் பார்த்த மனிதர், மனசுக்குள் தாளம் போட்டிருக்கிறார்.

மறுநாள் கரூர். சேரர்களின் ஊர். பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலையில், மூன்று தலைமுறைச் சேர மன்னர்களின் பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. சமணத் துறவி ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. கரூரில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.

திரும்பும்போது இன்னும் ஓர் இடம் பாக்கி. கொடுமணலுக்குப் பக்கத்தில், அதே நொய்யலில், ஒரத்துப்பாளையம் அணை. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். வந்து நிறைந்தது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு நீர். விவசாயத்துக்குக் கட்டிய அணை, விவசாயிகளாலேயே 'வேண்டாம்' என்று சொல்லப்பட்டது. கிணறுகள் கெட்டன. வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு, கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்களோடு பட்டறைகள் மறுபடி இயங்கின. பல லட்சம் பேருக்குச் சோறு போடுகிற தொழில் அது. லேசாக யாரையும் திட்டிவிட்டுப் போக முடியாது.

ஆனாலும், அணைக்கரையில் நின்றால் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரே ஆறு. இரண்டு காலத்து ஏற்றுமதிக்காரர்கள். கொடுமணல்காரன் விட்டுப் போன குப்பை - கல் சில்லு, இரும்புக் கசடு, உடைந்த பானை. அதை இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறோம். நம் குப்பை, மண்ணில் உப்பாகவும் தண்ணீரில் நிறமாகவும் இறங்கியது. அதைத் தோண்டி எடுத்து யாரும் பெட்டியில் வைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொடுமணல் காட்டில் மழை பெய்து மண் கழுவியிருந்தால், காலடியில் ஒரு மணி மின்னலாம். பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்குக் கதை உண்டு. வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்!