தேய்வை ஏற்கும் உறுப்பு

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் வால்வுகளை உரிய நேரத்தில் திறப்பது கேம் தண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது அது ஒருமுறை சுழல வேண்டும். பல எஞ்சின்களில் இவ்வொழுங்கைக் காப்பது ஒரு சங்கிலியே. 1880-இல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் உருளைச் சங்கிலியை ஆக்கியபின், எந்திரங்களில் சங்கிலியின் பயன் பெருகிற்று.

ஆயினும், இணைப்பூசிகள் தேயத் தேயச் சங்கிலி நீண்டு தொய்யும். வால்வுகளின் நேரம் பிறழும். அத்தொய்வை நீக்க வந்ததே டென்ஷனர். சங்கிலியோடு உராயும் அதுவும் தேய்வதாயிற்று. 1999-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஹார்லி டேவிட்சன் 'ட்வின் கேம் 88' எஞ்சினில், சுருள்வில் ஒன்று பிளாஸ்டிக் பட்டையைச் சங்கிலிமேல் ஓயாது அழுத்தியது. பட்டை தேய்ந்து துகள்கள் எண்ணெயிற் கலந்தன; எண்ணெய்ப் பம்புகளும் பழுதுற்றன. 2007-ஆம் ஆண்டு மாடல்களில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் அதன் இடத்தைப் பெற்றது. தேய்வு குறைந்தது, ஒழியவில்லை.

பொறியியலார் கண்ட வழி, மாற்றத்தக்க ஓர் உறுப்பின்மேல் தேய்வைச் சுமத்துவதே. அதனை உரிய காலத்தில் திறந்து பார்த்து மாற்றுதல் நம் கடமை. பாராதிருப்பின், சிறு பட்டையின் தேய்வு எஞ்சின் முழுவதற்கும் கேடாய் முடியும்.