மாஜினியின் கசகசா

கசகசா என்றதும் எல்லோருக்கும் பாயசமும் குருமாவும் ஞாபகத்துக்கு வரும். எனக்குச் சில வருஷங்களாக மாஜினியின் ஞாபகம்தான் வருகிறது. மாஜினி இத்தாலிய தேசபக்தர். அவருடைய சபதத்தைப் பாரதியார் தமிழில் பாடி வைத்துவிட்டதால் நமக்கு அந்நியர் அல்ல. 1844-ம் வருஷம் அவர் லண்டனில் அகதியாக, சுருட்டுப் புகைக்கும் புத்தகக் குவியலுக்கும் நடுவில் குடியிருந்தார். அந்த வருஷத்தில்தான் அவருக்கு வரும் கடிதங்களுக்குள் கசகசா விதைகள் இடம் பெற்றன.

அவர் லண்டனுக்கு வந்தது 1837-ல். தெருவில் ஆர்கன் பெட்டியைச் சுழற்றிப் பிச்சை எடுக்கும் இத்தாலியப் பையன்களுக்காக 1841-ல் ஒரு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மற்ற நேரமெல்லாம் கடிதம்தான். தாய்நாட்டுக்குப் போக முடியாத மனிதனுக்குக் கடிதம்தான் தாய்நாடு. அந்தக் கடிதங்கள் வழக்கத்தைவிடத் தாமதமாக வருவதை அவர் கவனித்தார். தபாலாபீஸ் முத்திரையைப் பார்த்தால், ஒரு முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை விழுந்து, முதலில் குத்திய நேரம் தெரியாமல் அழிந்திருந்தது. தபால்காரர்கள் அவசரத்தில் இரண்டு தரம் குத்துவதுண்டு. ஆனால் ஒரே மனிதனின் கடிதங்களில் மட்டும் தினந்தோறும் அவசரப்படுவார்களா?

நண்பர்களைக் கொண்டு சோதித்தார். உறைக்குள்ளே ஒரு தலைமயிர், சில மணல் துகள், கொஞ்சம் கசகசா ஆகியவற்றைப் போட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொன்னார். கடிதம் வந்தது. வெளியே முத்திரை பழுதில்லாமல் இருந்தது. உள்ளே கசகசாவைக் காணோம்! உள்ளே இருந்த காகிதத்தைப் படித்தவர்கள் அதைக் கச்சிதமாக மடித்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். கீழே சிந்திய விதைகளை யார் பொறுக்கிப் போடுவார்கள்?

1844 ஜூன் 14-ந் தேதி தாமஸ் டன்கோம்ப் என்ற அங்கத்தினர் மாஜினியின் புகார் மனுவைப் பார்லிமெண்டில் சமர்ப்பித்தார். உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரஹாம். கடிதங்களைப் பிரிக்க உத்தரவு போடும் அதிகாரம் சட்டப்படி தமக்கு உண்டு என்றார் அவர்; அதற்கு மேல் விவரம் சொல்ல மறுத்தார். சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மையே. 1711-ம் வருஷத்துத் தபால் சட்டம் மந்திரியின் கையெழுத்துடன் கூடிய வாரண்டுக்கு இடம் கொடுத்திருந்தது. மாஜினியின் பெயருக்கு அந்த வருஷம் மார்ச் மாதத்திலேயே கிரஹாம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆனால் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தனிச் சமையலறை இருந்தது ஜனங்களுக்குத் தெரியாது. லண்டன் தபாலாபீஸுக்குள் ‘ரகசிய ஆபீஸ்’ என்று ஒன்று இருந்தது. அந்நிய நாட்டுக் கடிதங்களைப் பிரித்து, நகல் எடுத்து, திரும்ப ஒட்டுவது அதன் வேலை. சங்கேத எழுத்தில் இருந்தால் அவிழ்த்துப் படிக்க வேறொரு இலாகா. இந்த இரண்டாவது இலாகாவின் கதையை எந்த நாவலாசிரியன் எழுதினாலும் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். 1716-ல் எட்வர்ட் வில்லிஸ் என்ற பாதிரியார் சங்கேதம் அவிழ்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். வேலையில் காட்டிய திறமைக்குப் பலன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. படிப்படியாக உயர்ந்து 1743-ல் பாத்-வெல்ஸ் பிஷப்பாகிவிட்டார். பிஷப்பான பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1844-ல் அந்த இலாகா இழுத்து மூடப்பட்டபோது அதன் தலைமையில் இருந்தவரும் ஒரு வில்லிஸ்தான். நூற்றுச் சொச்சம் வருஷம் ஒரு குடும்பம் ஊரார் கடிதத்தைப் படித்து மானியம் சாப்பிட்டிருக்கிறது.

இந்தச் செய்தி வெளியானதும் இங்கிலாந்தில் எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ள 1840-ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த வருஷம் ஜனவரியில்தான் ஒரு பென்னிக்கு நாடு முழுவதும் கடிதம் போகும் ஏற்பாடு வந்தது. 1839-ல் சுமார் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள், 1840-ல் 16 கோடியே 90 லட்சத்தை எட்டின. அதுவரை பணக்காரர்களும் வியாபாரிகளும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது சமையற்காரியும் தன் தாய்க்கு எழுதினாள். நான்கே வருஷத்தில் ‘உன் கடிதத்தையும் ஒருவர் படிக்கலாம்’ என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? இத்தாலிய அகதிக்காக மட்டுமா அவர்கள் கத்தினார்கள்?

தாமஸ் கார்லைல், மாஜினியின் அரசியல் கருத்துக்கள் பலவற்றை ஒப்புக்கொள்ளாதவர். அவரே ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார்: மாஜினி உத்தமமான மனிதர்; ஒருவனுடைய மூடிய கடிதத்தைப் பிரிப்பது அவன் சட்டைப்பையில் கைவிடுவதற்கு நெருங்கிய உறவு. சபையில் மெக்காலே பேசினார். நமக்கு இங்கிலீஷ் படிப்பை வைத்துவிட்டுப் போன அதே மெக்காலேதான். தபாலில் இருக்கும் என் கடிதத்தை எடுப்பதற்கும் என் மேஜையிலிருந்து எடுப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட வாதாடினார். ‘பஞ்ச்’ பத்திரிகை கிரஹாமைக் கேலி செய்ய உறையில் ஒட்டும் வில்லைகளை அச்சிட்டது. ‘கிரஹாம் பண்ணுவது’ என்றால் கடிதம் பிரிப்பது என்று பாஷையிலேயே ஒரு வினைச்சொல் சேர்ந்தது. மந்திரிகளுக்குச் சிலை கிடைப்பதுண்டு. வினைச்சொல் கிடைப்பது அபூர்வம்.

இதற்கிடையில் இத்தாலியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அத்திலியோ, எமிலியோ பந்தியேரா என்ற சகோதரர்கள், ஆஸ்திரியக் கடற்படையை விட்டு ஓடியவர்கள், சுமார் 20 பேருடன் ஜூன் மாதம் கலாப்ரியாக் கரையில் இறங்கினார்கள். ஜூலை 25-ந் தேதி அவ்விருவரும் இன்னும் எழுவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஜினியின் கடிதங்களில் கண்ட விஷயத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் ஆஸ்திரியாவின் காதில் போட்டிருந்தது என்பது தெரிந்ததும், அந்த ஒன்பது பேர் ரத்தமும் கிரஹாமின் தலையில் என்று கூச்சல் எழுந்தது. அது முழு நியாயம் அல்ல என்று நினைக்கிறேன். அவர்களைக் கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தான். பெயர்களைச் சொல்லவில்லை என்று விசாரணைக் கமிட்டியும் எழுதியது. இருந்தாலும், படிக்கத் தகாததைப் படித்தவன், படித்ததில் இவ்வளவுதான் பிறருக்குச் சொன்னேன் என்று சொன்னால் யார் அளந்து பார்ப்பது?

அந்தக் கமிட்டி ஆகஸ்டில் அறிக்கை தந்தது. முந்தைய வருஷங்களில் போட்ட வாரண்டுகளை எண்ணி அச்சிட்டது. மந்திரியின் அதிகாரத்தை எடுத்துவிடவில்லை. ரகசிய ஆபீஸும் சங்கேத இலாகாவும் அந்த வருஷத்திலேயே சத்தமில்லாமல் மறைந்தன.

அதிகாரம் கப்பல் ஏறி இங்கே வந்தது. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 5-வது பிரிவிலும், 1898-ம் வருஷத்துத் தபால் சட்டத்திலும் அது உட்கார்ந்துகொண்டது. மாஜினியைப் பாடிய பாரதியாரே 1908 முதல் புதுச்சேரியில் இருந்தபோது, அவருக்கு வந்த கடிதங்களைப் பிரிட்டிஷ் போலீஸார் வழியில் மறித்துப் படித்தார்கள்.

எங்கள் ஊரில் தபால்காரர் கார்டுகளைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். “உங்க பெரியம்மாவுக்குக் காய்ச்சல் தேவலையாம் தம்பி” என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் படித்தது எங்களுக்குத் தெரியும்; அவர் வீட்டு விஷயமும் எங்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் இருக்கும் செல்போனோடு நமக்கு அந்த உறவு இல்லை. நாம் யாரோடும் பேசாதபோதும் அது பக்கத்துக் கோபுரத்துக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. யாருக்கு, எப்போது, எத்தனை நிமிஷம், எங்கிருந்து என்ற கணக்கைக் கம்பெனிகள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவாயிற்று. இது உறையின் மேல்முகம் மட்டுமே. ஆனால் ஒருவன் இரவு பத்து மணிக்கு எந்த டாக்டரையும் எந்த வக்கீலையும் கூப்பிட்டான் என்று தெரிந்தால், உறைக்குள் இருப்பதைப் படிக்க அவசியம் என்ன?

பேச்சைக் கேட்பதற்கும் வழி உண்டு. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, டெலிபோன் பேச்சும் அந்தரங்கமே என்று சொல்லி, கேட்பதற்குச் சில நிபந்தனைகள் விதித்தது. 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி 9 நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. பழைய 5-வது பிரிவின் அதிகாரம் அதில் பெயர் மாற்றிக்கொண்டு இருக்கிறது. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்க்கும் கமிட்டியிலும் செயலாளர்களே. மத்திய சர்க்கார் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 டெலிபோன் உத்தரவு போடுவதாகத் தகவல் உரிமை மனு ஒன்றின் மூலம் சில வருஷங்களுக்கு முன் தெரியவந்தது. கமிட்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒரு கூட்டத்துக்கு எத்தனை உத்தரவு, காப்பி ஆறுவதற்குள் எத்தனை என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உத்தரவுக்கு ஆளானவனுக்கு, எல்லாம் முடிந்த பிறகாவது சொல்லவேண்டும் என்ற விதி இல்லை. இங்கேதான் எனக்குக் கசகசா ஞாபகம் வருகிறது. செல்போனுக்குள் எதைப் போட்டு ஒட்டுவது? ‘பெகாசஸ்’ என்ற வேவு மென்பொருளைப் பற்றி 2021-ல் உலகமெங்கும் பேச்சு எழுந்தது. அது ஆளைத் தொடச்சொல்லாமல், ஒரு மணி கூட அடிக்காமல் கருவிக்குள் நுழையக் கூடியது. சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நிபுணர்கள் 29 செல்போன்களை ஆராய்ந்தார்கள். 5 கருவிகளில் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தானா என்று சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரிந்தது. சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்பதையும் கோர்ட்டு அன்று வெளியில் சொன்னது.

சென்னையில் நடந்த ஒரு வழக்கு. 2011-ல் ஒருவருடைய டெலிபோனைக் கேட்க மத்திய உள்துறை உத்தரவிட்டது. லஞ்ச வழக்கு ஒன்று வந்ததனால் அந்த உத்தரவு வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கு வராமல் இருந்திருந்தால் அவர் அறிய வழியே இல்லை. பொது ஆபத்து, பொதுப் பாதுகாப்பு இரண்டும் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் அந்தரங்கத்தில் கைவைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். மாஜினிக்கு மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஆயிற்று.